உப்புப் பார்க்காத சோறு

கதவைத் தட்டவில்லை. கையைத் தட்டினாள்.

மூன்று தட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு இழுக்கிற நேரம். வீட்டுக்காரி சந்திரகலா, வளவின் பின்பக்கத்துக் கிரானி ஃபிளாட்டின் கதவுக்கு வெளியே நின்று அப்படித் தட்டி, உள்ளே இருப்பவர் எழும்பி விலகிக்கொள்ள இடம் கொடுப்பவள்போலச் சற்றுப் பொறுத்து, பிறகுதான் கதவைத் திறந்து சாப்பிட்ட இலையை எடுத்துக்கொண்டு போவாள். வந்த முதல் நாள் சத்தியபாமா அதை மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டாள். ரொறன்ரோவில் அவள் இருந்த முதியோர் கட்டடத்தில் பராமரிப்பு ஆட்கள் திறப்பைப் போட்டுத் தாங்களே திறந்துகொண்டு வந்துவிடுவார்கள். நீ குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, செத்துக்கொண்டிருந்தாலும் சரி. இங்கே கை தட்டுகிறார்கள். வயதுக்கு இவ்வளவாவது மதிப்பு இருக்கிறதே என்று நினைத்தபோது கொஞ்சம் அழுகைகூட வந்தது.

ஆனால் உள்ளே வந்த சந்திரகலா அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அன்றும் இல்லை, அடுத்த நாளும் இல்லை.

போன குளிர்காலத்தில் ரொறன்ரோவின் பஸ் தரிப்பில் பனியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டவள் சத்தியபாமா. இன்னொரு குளிர் அங்கே வேண்டாம் என்று டொக்டரும் சொன்னார், இடுப்பும் சொன்னது. கனடாவில் பென்சன் எடுக்கிற தமிழ்ச்சனம் குளிருக்கு ஓடுகிற இடங்கள் இப்போது நிறைய. சென்னையில் சேர்விஸ் அபார்ட்மென்ட், பினாங்கில் மாத வாடகை வீடு, தாய்லாந்தில் கடலைப் பார்த்த அறை என்று வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவரும் படம் போட்டுக் கொட்டமடிப்பார்கள். அவளுக்குக் கடலும் வேண்டாம், மலையும் வேண்டாம். சிட்னி வேண்டும். அங்கே டிசம்பரில் வெயில் எரிக்கும். அங்கே கெல்லிவில்லில் அவளுடைய ஒரே மகன் பிரஷாந்தன் இருக்கிறான். மூன்று மாதம் பக்கத்தில் இருந்தால், "இனி என்னத்துக்கு அம்மா திரும்பிப் போறீங்கள், எங்களோடயே இருங்கோ" என்று அவன் ஒரு நாளாவது சொல்லமாட்டானா? அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அவள் பதினாறாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்தாள். அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மகனுடைய வீட்டில் ஐந்து அறைகள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று சோதனைக்குப் படிக்கிற பேத்தி ராகவிக்கு, ஒன்று மருமகள் வீட்டிலிருந்து வேலை செய்ய, ஒன்று சாமிக்கு. ஐந்தாவதில் ஓடுகிற மெஷின் இருந்தது. எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிற்கிற அந்த மெஷினுக்கு இருந்த இடம் அவளுக்கு இருக்கவில்லை.

"உங்களுக்கும் ஒரு பிரைவசி வேணும் தானே, அம்மா," என்றான் பிரஷாந்தன். குவேக்கர்ஸ் ஹில்லில் இந்த இடத்தைத் தேடிப் பிடித்ததும் அவன்தான். வளவின் பின்பக்கம் தனி வாசல், தனிக் குளியலறை, பின்னேரச் சாப்பாடு வாழையிலையில், வெளிநாட்டிலிருந்து தனியாக வருகிற பென்சன்கார அம்மாமார் மட்டும். கேட்ட வாடகைக்கு சிட்னியில் ஒரு காரைக்கூட நிறுத்தி வைக்க முடியாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று அவளும் வாயை மூடிக்கொண்டு பெட்டியை அவிழ்த்தாள்.

ஒரு ஆள் இருக்கிற இடத்துக்கு மேசையைச் சுற்றி நாலு கதிரைகள் எதற்கு என்று மட்டும் அப்போது நினைத்தாள்.

பின்னேரம் ஆனதும் சந்திரகலா முற்றத்தில் நின்று, துணி காயப்போடுகிற கம்பியைப் பார்த்துக்கொண்டே, "அன்ரி, ஒரு நடை போட்டு வாங்கோ," என்பாள். சத்தியபாமா நடந்து முடித்து வரும்போது கதவு சாத்தியிருக்கும். மேசையில் இலை போட்டிருக்கும். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, பொரித்த மீன், நெத்தலிக் கருவாடு, பக்கத்தில் சீனி அள்ளிக் கொட்டிய பால்தேத்தண்ணி, ஒரு வெற்றிலைச் சுருள். வெற்றிலையை அவள் கேட்கவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கமும் இல்லை. இலையின் நுனி எப்போதும் வலப்பக்கம் இருக்கும். சின்ன வயதில் நாட்டை விட்டு வந்த பிள்ளை, இலை போடத் தெரியவில்லை பாவம் என்று எண்ணி, சோறு சிந்தாமல் இலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

உப்புத்தான் சரியில்லை. ஒரு நாள் குழம்பில் உப்பு வாயைக் கடிக்கும், அடுத்த நாள் மருந்துக்கும் இருக்காது. மற்றதெல்லாம் கைதேர்ந்த சமையல். தேங்காய்ப்பால் திரையவில்லை, மீன் உடையவில்லை, தாளிதம் கருகவில்லை. இவ்வளவு பக்குவம் தெரிந்த ஒருத்திக்கு உப்பு மட்டும் எப்படித் தினம் தினம் பிழையாகும்? கரண்டியால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? சத்தியபாமா அதைக் கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. மலிவு வாடகைக்காரிக்கு வாய் கிடையாது.

சாப்பிட்டு முடிக்கும்போது வேலித் தகட்டில் காகம் வந்து உட்காரும். இந்த நாட்டுக் காகங்கள் பெரியவை, கண் வெள்ளையாக இருக்கும், கரையத் தெரியாது. ஆ... ஆ... ஆஆஆ என்று கடைசிக் குரலை இழுத்து, தூக்கத்தில் முனகுகிற நோயாளியைப்போல் அடங்கிப் போகும். சந்திரகலா தன் வீட்டுக் குசினி யன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஃபிளாட்டின் யன்னல் விளிம்பில் வைத்த ஒரு பிடி சோற்றைக் காகம் கொத்தியதும் அவளுடைய தோள்கள் இறங்கும். அதன்பிறகு கை தட்டு.

இரண்டாவது கிழமை சத்தியபாமாவின் காப்புகள் முழங்கை வரை வழுக்கத் தொடங்கின.

வயிறு நிறையவே இல்லை. இலையை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டு எழும்பிய கையோடு பசிக்கும். அதுவும் சும்மா பசி இல்லை, நாள்கணக்காய்க் கிடந்த வயிற்றின் பசி, வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவது மாதிரி. பாவாடை நாடாவை இறுக்கி இறுக்கி முடிச்சுப் போட இடம் போதவில்லை. எதிரே இருந்த கதிரை தினமும் மேசையிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தது. அவள் தள்ளி வைத்தாள். மறுநாள் மறுபடியும் விலகியிருந்தது, ஒரு ஆள் உட்காரப் போதுமான அளவுக்கு. சாப்பிடும்போது அந்தப் பக்கத்திலிருந்து விக்ஸும் நல்லெண்ணெயும் பழைய வெற்றிலையும் கலந்த வாசம் வந்தது. தான் மெல்லுவதை நிறுத்திய பிறகும் மெல்லுகிற சத்தம் ஒரு கணம் நீண்டது. பல் இல்லாத வாய் மெல்லுவது போல, சப்பென்று.

மகன் முதல் ஞாயிறு வந்தான். இரண்டாவது ஞாயிறு ராகவிக்கு டியூஷன். மூன்றாவது ஞாயிறு அவளே எடுத்துப் பேசினாள்.

"தம்பி, எனக்கு இங்க ஒரு மாதிரி இருக்கு. மெலிஞ்சு போனன்."

"நல்லது தானே அம்மா, சுகர் குறையும்."

"பகிடி விடாதை. பசி அடங்குதில்லையப்பன்."

"அவ நல்லாத்தானே சமைக்கிறவ? மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கோ," என்றான் பிரஷாந்தன். குரலில் ஏதோ அவசரம். "மிச்சம் மட்டும் வைக்காதேங்கோ, அம்மா."

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவள் விருந்தாகவும் இல்லை, மருந்தாகவும் இல்லை. பின்னே என்னவாக இருக்கிறாள் என்று போனை வைத்த பிறகு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் வெயில் நாற்பதைத் தாண்டியது. மலைப்பக்கம் எங்கேயோ காடு எரிந்து, சூரியன் புகைக்குள் பழுத்த தக்காளிபோலத் தொங்கியது. சிள்வண்டுகள் காதுக்குள் அரம் போட்டன. நடக்கப் போன சத்தியபாமா கடைவரை போனாள். தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. முன்னே போனாள், பின்னே வந்தாள், கையை ஆட்டினாள். பின்னால் தள்ளுவண்டியோடு ஒரு பெண் வந்ததும் திறந்துகொண்டது. அந்தப் பெண் அவளைச் சுற்றிக்கொண்டு போகவில்லை, நேரே வந்தாள். சத்தியபாமாதான் ஒதுங்கவேண்டியிருந்தது. வியர்வை குளிர்ந்து போய், நடையைப் பாதியில் விட்டுத் திரும்பினாள்.

கதவு சாத்தியிருக்கவில்லை.

உள்ளே சந்திரகலா முதுகு காட்டி நின்றாள். ஈரத்தலையை முடிந்திருந்தாள். மேசையில் இலை. இலைக்கு முன்னால் குத்துவிளக்கு இல்லை, ஒற்றைத் திரியிட்ட சின்ன விளக்கு. சாம்பிராணி. தண்ணீர்த் தம்ளரில் சாய்த்து வைத்திருந்த ஒரு படம்: பொட்டில்லாத கிழவி, வெற்றிலைக் கறை படிந்த உதடு. சந்திரகலா தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி இலையைச் சுற்றினாள்.

சத்தியபாமாவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. நுனி மாறிய இலை. சாத்திய கதவு. செத்தவர் உண்டு எழும்பட்டும் என்று தட்டுகிற கை. உப்பு. படையலுக்குச் சமைக்கிறவள் உப்புப் பார்க்கமாட்டாள். செத்தவருக்கு முன்னால் உயிரோடிருக்கிற நாக்கு அதில் படக்கூடாது. தன் புருஷனுக்கு வருஷா வருஷம் அவளும் அப்படித்தான் சமைத்தாள். தெரிந்திருக்கவேண்டும். வாயில் வைத்த முதல் நாளே தெரிந்திருக்கவேண்டும்.

"பிள்ளை, இது ஆருக்கு வைக்கிறாய்?"

சந்திரகலா திரும்பவில்லை. "நீங்கள் இவ்வளவு வெள்ளன வரக்கூடாது, அன்ரி."

"ஆருக்கெண்டு கேட்டனான்."

"மாமிக்கு." அவள் விளக்கைப் பார்த்தே பேசினாள். "இவரின்ர அம்மா. இங்கதான் இருந்தவ. நாங்கள் ரெண்டு கிழமை பாலிக்குப் போனனாங்கள். ஃபிரிட்ஜ் நிறையச் சமைச்சு வச்சிட்டுத்தான் போனனாங்கள், அன்ரி. சத்தியமா நிறைய வச்சனாங்கள். அவ கட்டிலால விழுந்து, ஃபிரிட்ஜ் வரைக்கும் தவண்டு வந்திருக்கிறா. கதவு எட்டேல்லை."

சத்தியபாமா ஃபிரிட்ஜைப் பார்த்தாள். கதவின் கீழ்விளிம்பில், வெள்ளைப் பெயின்டில், மெல்லிய கீறல்கள் இருந்தன. இத்தனை நாளும் அவற்றைத் துடைத்துப் பார்த்திருக்கிறாள், அழுக்கென்று.

"அதுக்குப் பிறகு என்ன படைச்சாலும் காகம் தொடேல்லை. ஒவ்வொரு இரவும் ஃபிரிட்ஜைச் சுரண்டுற சத்தம் அங்க, எங்கட அறைக்குக் கேக்கும். பிறகு லண்டனில இருந்து ஒரு அன்ரி குளிருக்கு வந்து தங்கினவ. தெரியாமல் அந்த இலையில இருந்து சாப்பிட்டிட்டா. அண்டைக்குத்தான் காகம் எடுத்தது, அண்டைக்குத்தான் நாங்கள் நித்திரை கொண்டனாங்கள்."

"அந்த மனிசி இப்ப எங்க?"

சந்திரகலா எதிர்க்கதிரைக்குப் பக்கத்துக் கதிரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையை எடுத்தாள். "அவவின்ர மகள் அமாவாசைக்கு அமாவாசை வந்து வச்சிட்டுப் போறவ."

"நான் என்ர மகனைக் கூப்பிடப் போறன்."

"கூப்பிடுங்கோ." அந்தப் பெண்ணின் குரலில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது, அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. "அவருக்குத் தெரியும், அன்ரி. வாறவையின்ர பிள்ளையளுக்குச் சொல்லாமல் நான் ஒருத்தரையும் எடுக்கிறேல்லை. அதுக்குத்தானே இந்தக் குறைஞ்ச வாடகை."

பிரஷாந்தன் உடனே எடுத்தான்.

"அம்மா, அது சும்மா அவையின்ர ஒரு நம்பிக்கை. நீங்கள் சாப்பிடுறீங்கள், அவைக்கு ஒரு நிம்மதி. இதில என்ன இருக்கு?"

"கூட்டிக்கொண்டு போ. கராஜிலயெண்டாலும் கிடக்கிறன், தம்பி. அந்த மெஷினுக்குப் பக்கத்தில ஒரு பாயைப் போட்டு விடு."

"வாறன்."

"எப்ப?"

"வாறன் அம்மா."

பெற்ற மனம் பித்து. வாறன் என்றானே என்று அவள் பெட்டியை அடுக்கினாள். நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பெட்டியைக் கதவருகே நிறுத்தி, கட்டிலில் உட்கார்ந்தாள். அந்த இலையை இனி தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். கைப்பையில் இருந்த பிஸ்கட்டைக் கடித்தாள். வாய்க்குள் மண்ணாய்ப் போனது, துப்பினாள். காகம் வந்தது. யன்னல் விளிம்பில் இருந்த சோற்றைத் தொடாமல் அவளையே பார்த்தது. ஆ... ஆ... ஆஆஆ.

கை தட்டு வந்தது. இலை அப்படியே போனது. மறுநாள் புது இலை வந்தது. அதுவும் அப்படியே போனது.

வெளிவாசல் கேற்றை ஒரு தடவை திறக்கப் பார்த்தாள். கொளுக்கியைத் தூக்க விரலில் பலம் இருக்கவில்லை. அடுத்த வளவில் செடிக்குத் தண்ணீர் விடுகிற வெள்ளைக்காரக் கிழவர் தினமும் ஹலோ சொல்லுகிறவர், அவரைக் கூப்பிட்டாள். அவர் நிமிர்ந்து, காற்று வருகிறதா என்று பார்ப்பவர்போல மரத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அவள் திரும்பி உள்ளே வந்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. போனில் சார்ஜ் இருக்கவில்லை. பகல் முடியாமல் நீண்டது. வேலித் தகடுகள் வெயிலில் டிக், டிக் என்று வெடித்தன.

பிறகு அந்தச் சத்தம் வந்தது.

ஃபிரிட்ஜ் பக்கம். கீழே. தரையோடு.

சுரண்டல்.

அவள் கால்களைக் கட்டிலுக்கு மேலே தூக்கிக்கொண்டாள். சுரண்டல் நின்றது. விக்ஸ் வாசம் எழுந்தது. எதிர்க்கதிரை நகர்ந்தது. அதற்குப் பக்கத்துக் கதிரையும் நகர்ந்தது. ஒருவரும் இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டது தெரிந்தது.

மூன்றாவது கதிரை நகரவில்லை. அது அவளுடையது. காத்திருந்தது.

முருகா. என்ர அப்பனே. தம்பி, கெதியா வா.

கார்ச் சத்தம். மகனுடைய கார்தான், கதவு சாத்துகிற விதத்திலேயே அவளுக்குத் தெரியும். வந்துவிட்டான். எத்தனை அறை இருந்தாலும் பெற்ற பிள்ளை பெற்ற பிள்ளைதான். முற்றத்தில் அவனுடைய குரல், சந்திரகலாவின் குரல், மருமகள் மோனிகாவின் செருப்புச் சத்தம். சீமெந்துப் பாதையில் காலடி. அவள் சுவரைப் பிடித்து எழும்பினாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். பெட்டியின் பிடியில் கையை வைத்தாள்.

காலடி கதவுக்கு வெளியே நின்றது.

கை தட்டினான்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

கதவு திறந்தது. பிரஷாந்தன் ஈரத்தலையோடு நின்றான். வெள்ளை வேட்டி. அவனை வேட்டியில் அவள் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்ததில்லை. கையில் வாழையிலை ஒன்று. சோறு, விளைமீன் குழம்பு, முருங்கையிலை வறை. அவளுக்கு விருப்பமானது. மணக்கும் என்று அவர்கள் வீட்டில் மீன் காய்ச்ச மோனிகா விட்டதில்லை. இன்றைக்குக் காய்ச்சியிருக்கிறாள்.

"தம்பி."

அவன் பெட்டியைச் சுற்றி வந்தான். மேசையில், மூன்றாவது கதிரைக்கு முன்னால், இலையை வைத்தான். நுனி வலப்பக்கம். கக்கத்திலிருந்து ஒரு படத்தை எடுத்தான். ராகவியின் பிறந்தநாளில் எடுத்தது. புதுச் சட்டம். பேத்தியை வெட்டிவிட்டு சத்தியபாமாவை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். தண்ணீர்த் தம்ளரில் சாய்த்து, ஒற்றைத் திரி விளக்கை ஏற்றினான்.

"டேய், பிரஷாந்தா. நான் இங்க நிக்கிறன்ரா. அம்மாவைப் பார்."

அவனுடைய தோள் நின்றது. கேட்டது. அவனுக்குக் கேட்டது. கழுத்து நரம்பு ஒரு தடவை துடித்தது. திரும்பினால் முகத்துக்கு முகம், ஒரு முழம்கூட இல்லை.

வைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது.

அவன் பார்க்கவில்லை. வெளியே போனான். கதவைச் சாத்தினான், மெதுவாக, நித்திரை கொள்ளுகிற பிள்ளையின் அறைக் கதவைச் சாத்துவதுபோல.

பசி. கடவுளே, என்ன பசி. வேண்டாம், வேண்டாம் என்றபடியே கால்கள் நடந்தன. கதிரை அவளுக்காக விலகியது. அவள் உட்கார்ந்தாள். எதிரே விளக்கு வெளிச்சத்தில் சுருங்கிய விரல்களோடு இரண்டு கைகள் தெரிந்தன, நகங்களில் வெள்ளைப் பெயின்ட். அவை இலையை அவளுடைய பக்கம் தள்ளிவிட்டன. சாப்பிடு என்பதுபோல. பழகிவிடும் என்பதுபோல.

ஒரு கவளம் எடுத்தாள். வாயில் வைத்தாள்.

உப்பில்லை.

யன்னல் விளிம்பில் காகம் இறங்கியது. வெள்ளைக் கண்ணால் உள்ளே அவளை ஒரு தரம் பார்த்து, தலையைச் சரித்து, சோற்றைக் கொத்தியது. கண்ணாடிக்கு வெளியே கைகூப்பி நின்ற மகனுடைய முகம் மெல்ல இளகியது.

"எடுத்திட்டா," என்றான் மனைவியிடம், கண்ணீரோடு சிரித்து. "அம்மா எடுத்திட்டா."

அவள் மென்றாள். மேசையைச் சுற்றி மூன்று வாய்களும் மென்றன. நாலாவது கதிரை மட்டும் வெறுமையாக, வாசலைப் பார்த்தபடி இருந்தது.